வாங்குமுன் கேளுங்கள்: குடியை விடவைக்க எவ்வளவு கொடுக்கலாம்?

கேள்வி: கணவர் கசிப்புக்கு அடிமை. ஒரு தனியார் நிலையம் 21 நாளைக்கு இரண்டரை இலட்சம் கேட்கிறது. “இனித் தொடவே மாட்டார், உத்தரவாதம்” என்கிறார்கள். தாலிக்கொடியை அடகு வைக்கட்டுமா?
– பரந்தன் வாசகி

பதில்: வேண்டாம் அம்மா. உத்தரவாதம் என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஐந்து வருட உத்தரவாதம் என்று என் தலையில் கட்டிய நீர்ப்பம்பி அடுத்த போகத்திலேயே நின்றது. போய்ப் பார்த்தால் கடையே இல்லை. இரும்புக்கே இந்தக் கதி. மனிதனின் ஆசைக்கு யார் முத்திரை குத்திக் கொடுப்பது? சிகிச்சை பெற்றவர்களில் 40 முதல் 60 சதவீதமானோர் மீண்டும் தொடுகிறார்கள் என்பது மருத்துவர்கள் சொல்லும் கணக்கு. உயர் இரத்த அழுத்தத்தைப் போல இதையும் விடாமல் பார்த்துவர வேண்டும்.

21 நாளில் பெரும்பாலும் நடப்பது உடலிலிருந்து போதையை இறக்குவதுதான். அதுவும் தேவையே. நாள்தோறும் குடிப்பவர் திடீரென நிறுத்தினால் இரண்டு மூன்று நாட்களுக்குள் வலிப்பும் மனக்குழப்பமும் வரலாம், உயிரே போகலாம்; வீட்டில் பூட்டி வைத்துப் பார்க்கும் வேலை அல்ல. ஆனால் இதற்கு உங்கள் கிளிநொச்சி மாவட்டப் பொது வைத்தியசாலை இருக்கிறது, இலவசமாக.

காசு கொடுப்பதென்றால் அதற்குப் பிறகு வருவதற்குக் கொடுங்கள். வீடு திரும்பியபின் முதல் சந்திப்பு எந்தத் திகதியில்? எத்தனை மாதம் தொடர்வார்கள்? ஆசையைக் குறைக்கும் நல்ட்ரெக்ஸோன் போன்ற மாத்திரை இவருக்குப் பொருந்துமா என்று பார்க்கும் பதிவுபெற்ற வைத்தியர் யார்? உளவளத்துணை தமிழிலா? (மொழிபெயர்ப்பாளரை நடுவில் வைத்துக்கொண்டு யாரும் மனதைத் திறப்பதில்லை.) மனைவியையும் கூப்பிட்டுப் பேசுவார்களா? 2009க்குப் பிறகு உறக்கமே இல்லாமல் குடிக்கத் தொடங்கியவர்கள் நம்மிடையே எத்தனை பேர்! அந்த உறக்கமின்மைக்கு வைத்தியம் பார்க்காமல் குடியை மட்டும் நிறுத்தினால் அது எத்தனை நாள் நிற்கும்?

இன்னொன்று: நெல் விற்ற காசு கையில் வரும் நாளில், கசிப்பு விற்கும் ஒழுங்கை வழியாக வீடு திரும்பும்போது அவர் என்ன செய்ய வேண்டும் என்று அவரோடு உட்கார்ந்து திட்டம் போடுவார்களா? இதற்குப் பதில் சொல்லாத நிலையம் உங்களுக்கு விற்பது கட்டிலும் சோறும்தான்.

கேள்வி: கறியில் கலந்து கொடுத்தால் குடியை வெறுக்கவைக்கும் தூள் முகநூலில் விற்கிறார்கள். அவருக்குத் தெரியாமல் கொடுக்கலாமா?
– மல்லாவி வாசகர்

பதில்: கூடாது. உள்ளே என்ன இருக்கிறதென்று விற்பவருக்கே தெரியுமோ என்னவோ. குடித்தால் உடலுக்கு ஒவ்வாமல் செய்யும் டைசல்ஃபிரம் என்ற மருந்து கலந்திருந்தால், அதன்மேல் குடிக்கிறவருக்கு வாந்தியோடு இரத்த அழுத்தமும் விழும், மாரடைப்பும் வரலாம். ஒருவருக்குத் தெரியாமல் கொடுப்பதற்குப் பெயர் வைத்தியம் அல்ல.

கேள்வி: தம்பியைச் சேர்த்த இடத்தில் அடிக்கிறார்களாம். ஒரு மாதமாகப் பேசவும் விடவில்லை. இது வழமையா?
– நெடுங்கேணி வாசகி

பதில்: இன்றே அழைத்து வாருங்கள். வரும் வழியில் பொலிஸில் முறையிடுங்கள்.

கேள்வி: மகன் ஹெரோயினுக்குச் சிகிச்சை முடித்து வந்து ஆறாவது வாரம் மீண்டும் எடுத்துவிட்டான். கடன்பட்டுக் கட்டிய காசு வீண்தானா? நிலையம் கைவிரிக்கிறது.
– ஒட்டுசுட்டான் தந்தை

பதில்: ஐயா, மகன் தோற்றுவிட்டான் என்று எண்ண வேண்டாம். சிகிச்சையை மாற்றவோ கூட்டவோ வேண்டும் என்பதுதான் இதன் பொருள். அவசரமான செய்தி ஒன்று: இடைவெளிக்குப் பிறகு உடல் பழைய அளவைத் தாங்காது, முன்பு எடுத்த அளவே உயிரை எடுக்கும். அதனால் அவனைத் துரத்தாதீர்கள், தனியே விடாதீர்கள். மாஞ்சோலை வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் 1927 இலக்கத்திலும் ஆலோசனை கேட்கலாம்.

காசைப் பொறுத்தவரை, தொடர் சந்திப்புத் தருவதாகச் சொல்லித் தராமல் விட்டிருந்தால் நுகர்வோர் அதிகார சபைக்கு எழுத்தில் முறையிடுங்கள். சேவை பெற்று மூன்று மாதத்துக்குள் எழுத வேண்டும், தொலைபேசி 1977. பற்றுச்சீட்டு இருக்கிறதா?

கேள்வி: இடத்தைப் பார்க்கவில்லை. தொலைபேசியில் நன்றாகப் பேசினார்கள், ஐம்பதாயிரம் முற்பணம் வங்கியில் போட்டேன். இப்போது எடுக்கிறார்கள் இல்லை. பற்றுச்சீட்டும் இல்லை.
– பூநகரி வாசகர்

பதில்: மாடு வாங்கவே பல்லைப் பிடித்துப் பார்க்கும் ஊர் நம்முடையது! வங்கிச் சிட்டையை எடுத்துக்கொண்டு பொலிஸுக்குப் போங்கள், வங்கிக்கும் அறிவியுங்கள். மீதியைக் கட்டச் சொல்லி அழைப்பு வரும், கட்டாதீர்கள்.