முதல் காசு யார் கொடுத்தது? தொழிலுக்கு இறங்கும் பெண்கள் கேட்ட புத்தகக் கேள்விகள்

இலங்கை மலையகத்தில், ஹட்டனில் கொப்பி, பேனை விற்கும் சின்னக் கடை என்னுடையது. அதற்கு முன் பதினொரு வருடம் ஒரு வங்கியில் சிறுகடன் மேசையில் இருந்தேன். கடையின் பின்பக்கம் ஓர் அலுமாரி நிறைய இரவல் புத்தகங்கள் இருக்கின்றன. தொழில் தொடங்கவும் வேலையில் மேலே வரவும் என்ன வாசிக்கலாம் என்று துண்டுச் சீட்டிலும் வட்ஸ்அப்பிலும் கேட்டவர்களுக்கு இந்தப் பதில்கள். பெயர்களை எடுத்துவிட்டேன், ஊரும் தொழிலும் மட்டும் இருக்கின்றன.

பொகவந்தலாவை, வீட்டில் தையல்: அக்கா, நான் ஓ.எல். வரைதான் படித்தேன். முதலில் எந்தப் புத்தகத்தை வாங்க வேண்டும்?

எண்பது பக்கக் கொப்பி ஒன்று. கொப்பி விற்கப் பார்க்கிறாள் என்று நினைக்காதீர்கள், எந்தக் கடையிலும் வாங்கலாம். இடப்பக்கம் வந்த காசு, வலப்பக்கம் போன காசு, கடைசிப் பக்கத்தில் யார் யார் தர வேண்டும். மூன்று மாதம் எழுதிவிட்டு மற்றப் புத்தகங்களுக்கு வாருங்கள்.

இதைச் சொல்ல எனக்கு ஒரு காரணம் உண்டு. கடை திறந்த முதல் ஜனவரியில் கொப்பிக் கட்டுகள் பறந்தன. பாதிப் பேர் பத்தாம் தேதிச் சம்பளத்துக்குத் தருகிறோம் என்று கடனுக்கு வாங்கினார்கள். வியாபாரம் அமோகம் என்று சந்தோஷமாக இருந்தேன். மார்ச்சில் மொத்த வியாபாரிக்குக் கொடுக்கக் கையில் காசில்லாமல் சங்கிலி அடகுக்குப் போனது. பதினொரு வருடம் ஊரார் கணக்கைப் பார்த்தவள், விற்றதை எழுதினேன், வராததை எழுதவில்லை.

அந்தச் சூடு பட்ட பிறகு 'போர்ட்ஃபோலியோஸ் ஒஃப் த புவர்' என்ற ஆங்கிலப் புத்தகத்தை வாசித்தேன். 2009இல் வந்தது. பங்களாதேஷ், இந்தியா, தென்னாபிரிக்கா மூன்றிலும் 250க்கு மேற்பட்ட ஏழை வீடுகளின் வரவு செலவை, இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை போய்க் கேட்டு, ஒரு வருடம் எழுதியிருக்கிறார்கள். நான்கு விதமான பண ஏற்பாடுகளுக்குக் குறைவாக வைத்திருந்த வீடு ஒன்றுகூட இல்லையாம். எனக்குச் சிரிப்பு வந்தது. நம் லயத்திலும் (தோட்டத்து வரிசை வீடுகள்) சீட்டு, கடைப்பற்று, தீபாவளி அட்வான்ஸ், அடகு என்று நான்கு ஓடுகிறதே! ஏழைக்குக் கணக்குத் தெரியாது என்று யாராவது சொன்னால் இந்தப் புத்தகத்தைக் காட்டலாம்.

மஸ்கெலியா, அழகுக்கலை நிலையம்: 'பணக்காரத் தந்தை, ஏழைத் தந்தை' வாசித்தேன். குடியிருக்கும் வீடு சொத்தே இல்லை என்கிறார். நாங்கள் வீடு கட்டத்தானே பாடுபடுகிறோம்?

ரொபர்ட் கியோசாகி 1997இல் எழுதியது. சட்டைப்பைக்குள் காசு கொண்டுவருவது சொத்து, பையிலிருந்து எடுப்பது சுமை. இந்த ஒரு வரியை எடுத்துக்கொள்ளுங்கள், நல்ல வரி. தவணைக்கு வாங்கிய புது நாற்காலியும் கண்ணாடியும் உங்கள் கடைக்கு எந்தப் பக்கம் என்று அதை வைத்துப் பார்க்கலாம்.

வீட்டு விஷயத்தில் எனக்கு அவரோடு ஒத்துப்போக முடியவில்லை. அவர் பேசுவது வங்கிக் கடனில் பெரிய வீடு வாங்கிய அமெரிக்கரிடம். நம்மில் பலர் பாட்டன் பூட்டன் காலத்திலிருந்து இருக்கும் லயக் காம்பராவுக்கு இன்னும் காணி உறுதி (பத்திரம்) இல்லை. வங்கி மேசையில் இதை நான் எத்தனை தடவை பார்த்திருக்கிறேன்! நன்றாகத் தொழில் செய்யும் பெண் வருவாள். கையெழுத்துக்கூட முத்து முத்தாக இருக்கும். "காணி உறுதி இருக்கிறதா?" என்ற கேள்வியோடு கோப்பு மூடப்படும். மூடியவர்களில் நானும் ஒருத்தி.

இதைப் பற்றி வாசிக்க விரும்பினால் பெரு நாட்டுப் பொருளியலாளர் ஹெர்னாண்டோ டி சோட்டோ 2000இல் எழுதிய 'த மிஸ்டரி ஒஃப் கெப்பிட்டல்' இருக்கிறது. பத்திரமில்லாத வீட்டையும் காணியையும் அவர் செத்த மூலதனம் என்கிறார். பத்திரம் வந்தவுடன் வங்கி ஓடிவந்து கடன் தரும் என்ற அவருடைய நம்பிக்கையைப் பின்னால் வந்த ஆய்வுகள் அவ்வளவாகத் தாங்கிப் பிடிக்கவில்லை. இருந்தாலும் ஏன் நம் கோப்புகள் மூடப்பட்டன என்பது எனக்கு அதில்தான் விளங்கியது.

ஒரு பழக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். எந்த வெற்றிக் கதையை வாசித்தாலும் பென்சிலோடு இருங்கள். முதல் காசு எங்கிருந்து வந்தது, பிள்ளையை யார் பார்த்தார்கள் என்ற இரண்டுக்கும் பதில் வரும் இடத்தில் கோடு போடுங்கள். கடைசிப் பக்கம் வரை கோடே விழவில்லை என்றால் பாதிக் கதையைத்தான் வாசித்திருக்கிறீர்கள்.

தலவாக்கலை, மரக்கறி வியாபாரம்: முகமது யூனுஸ் கதையை ஒரு கூட்டத்தில் சொன்னார்கள். அதைக் கேட்டுச் சின்ன லோன் எடுக்கலாமா?

கதை நல்ல கதை. பங்களாதேஷில் சிட்டகொங் பல்கலைக்கழகத்தில் பொருளியல் கற்பித்தவர், 1976இல் பக்கத்துக் கிராமமான ஜோப்ராவில் 42 பேருக்குத் தன் பையிலிருந்து 27 டொலர் கொடுத்தார். மொத்தமே 27தான். மூங்கில் முக்காலி பின்னும் பெண்ணுக்கு மூங்கில் வாங்கக் காசில்லாமல், கடன் கொடுத்த வியாபாரிக்கே அவன் சொன்ன விலைக்கு முக்காலியை விற்க வேண்டியிருந்த கதை அவருடைய 'பேங்கர் டு த புவர்' புத்தகத்தில் வருகிறது. அப்படித் தொடங்கிய கிராமீன் கடன் திட்டம் 1983இல் வங்கியானது, 2006இல் அவருக்கும் வங்கிக்கும் நோபல் பரிசு.

அதை வாசித்த கையோடு கடன் படிவத்தையும் வாசியுங்கள். "மாதம் 2 வீதம்தான் அக்கா" என்பார்கள். ஒரு இலட்சம் ரூபாவை 12 மாதத்தில் கட்டுவதென்றால் வட்டி 24,000, மாதத் தவணை 10,333. வருடத்துக்கு 24 வீதம் போலத் தெரியும். ஆனால் ஆறாம் மாதம் முடியும்போது முதல் தொகையில் பாதியைத் திருப்பிக் கொடுத்திருப்பீர்கள், வட்டியை மட்டும் முழு இலட்சத்துக்கும் வாங்கிக்கொண்டிருப்பார்கள். குறைந்து வரும் மீதிக்குப் போட்டுப் பார்த்தால் அது வருடத்துக்கு ஏறத்தாழ 42 வீதம். ஆகவே கேட்க வேண்டிய கேள்வி, "வட்டி முழுத் தொகைக்கா, மீதிக்கா?"

மரக்கறி அன்றன்று விற்றுத் தீரும் சாமான். அதனால் கடன் தாங்கும். கரட் விலை விழும் மாதத்துக்கு ஒரு தவணைக் காசைத் தனியாக வைத்துவிட்டு எடுங்கள். பக்கத்து வீட்டுக்காரருக்குப் பிணை நின்றாலும் அது உங்கள் கிறிப் அறிக்கையில் (வங்கிகள் பார்க்கும் கடன் பதிவு) ஏறும் என்பதையும் மறக்க வேண்டாம்.

நோர்வூட், கோழி வளர்ப்பு: பெண்களுக்குக் காசு கொடுத்தால் லாபம் ஏறாது என்று ஓர் ஆராய்ச்சி இருக்கிறதாமே மிஸ்? ஓட்டோ ஓட்டும் வீட்டுக்காரர் அதைச் சொல்லிச் சிரிக்கிறார்.

இருக்கிறது, நம் நாட்டிலேயே செய்தது. பேராதனைப் பல்கலைக்கழகத்தின் சுரேஷ் டி மெல்லும் இரண்டு வெளிநாட்டு ஆய்வாளர்களும் சுனாமிக்குப் பிறகு களுத்துறை, காலி, மாத்தறையில் சிறு தொழில் செய்தவர்களில் குலுக்கலில் வந்தவர்களுக்கு 10,000 அல்லது 20,000 ரூபா இனாமாகக் கொடுத்துப் பார்த்தார்கள். ஆண்களின் லாபம் நன்றாகக் கூடியது. பெண்களுடையது சராசரியாகக் கூடவில்லை. 2009இல் வெளியானது. உங்கள் வீட்டுக்காரர் அதோடு நிறுத்திவிட்டார்.

2019இல் வேறு ஆய்வாளர்கள் இந்தியா, கானா தரவுகளோடு இந்த இலங்கைத் தரவையும் எடுத்துத் திரும்பப் பார்த்தார்கள். வீட்டில் அந்தப் பெண்ணின் தொழில் மட்டுமே இருந்த இடங்களில் அவளுக்கும் ஆண்களுக்குச் சமமான பலன் வந்திருக்கிறது. வேறு ஒருவரும் தொழில் செய்த வீடுகளில்தான் காசு காணாமல் போனது மாதிரித் தெரிந்தது. அங்கே காசு புருஷனின் தொழிலுக்குப் போயிருக்கிறது. அதாவது கோழிக்கு எடுத்த காசு ஓட்டோ டயராகிவிட்டது.

இதை வீட்டுக்காரரிடம் சண்டை போல் சொல்ல வேண்டாம். கோழிக் கணக்குக்கு ஒரு கொப்பி, ஓட்டோவுக்கு ஒரு கொப்பி வையுங்கள். ஓட்டோவுக்குப் போன காசை ஓட்டோ தர வேண்டிய கடன் என்று எழுதுங்கள். மாதக் கடைசியில் அவரையே கூட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.

பதுளை, இப்போது கொழும்பில் கணினி நிறுவனமொன்றில்: என்னோடு சேர்ந்த பையனுக்கு என்னைவிடச் சம்பளம் கூட. எதை வாசித்துவிட்டுப் போய்க் கேட்பது?

'விமன் டோன்ட் ஆஸ்க்', லிண்டா பாப்கொக்கும் சாரா லாஷிவரும் 2003இல் எழுதியது. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் முதுகலை முடித்தவர்களில், முதல் வேலைச் சம்பளத்தைக் கூட்டிக் கேட்ட ஆண்கள் 57 வீதம், பெண்கள் 7 வீதம். பெண் கேட்டால் கெட்ட பெயர் வருகிறது என்பதையும் பாப்கொக்கும் மற்றவர்களும் பிறகு ஆய்வு செய்து சொன்னார்கள். ஆகவே தைரியம் மட்டும் போதாது. செய்த வேலையைத் தேதியோடு எழுதி எடுத்துக்கொண்டு போங்கள்.

ஃபேஸ்புக்கில் இரண்டாம் இடத்தில் இருந்த ஷெரில் சான்ட்பெர்க்கின் 'லீன் இன்' (2013) பலர் சொல்வார்கள். கூட்டத்தில் மூலையில் உட்காராமல் மேசைக்கு வந்து உட்கார் என்ற பகுதி நம் பிள்ளைகளுக்கு மிகவும் தேவை. பென்சில் கேள்வி இங்கேயும் உதவும். 2015இல் கணவர் இறந்த பிறகு, தனியாகப் பிள்ளை வளர்க்கும் தாயின் கஷ்டத்தை அந்தப் புத்தகம் எழுதும்போது தான் சரியாக உணரவில்லை என்று அவரே சொன்னார். அப்படிச் சொன்னதற்காக அவர் மேல் எனக்கு மரியாதை கூடியது.

ராகலை: தினமும் காலையில் ஊக்கப் பேச்சு வீடியோ பார்க்கிறேன். அது போதாதா?

கேட்டுக்கொண்டே கணக்கு எழுதினால் போதும்.

பண்டாரவளை, ஊறுகாய், மிளகாய்த்தூள்: சமையல் தொழிலுக்கு ஏதாவது புத்தகம்?

'சமைத்துப் பார்'. சமையலுக்காக மட்டும் சொல்லவில்லை. எஸ். மீனாட்சி அம்மாள் சின்ன வயதிலேயே கணவரை இழந்தவர். கைப்பழக்கமாக இருந்ததை அளவோடு எழுதி, 1951இல் தானே வெளியிட்டார். இன்றும் விற்கிறது. கண்ணளவில் உப்புப் போடும் வரை உங்கள் ஊறுகாய் உங்கள் கையை நம்பித்தான் இருக்கும். அளவு எழுதிவிட்டால் தங்கச்சி ஒருத்தியை வேலைக்கு வைக்கலாம். போத்தலில் அடைத்து விற்கும் முன் பொதுச் சுகாதாரப் பரிசோதகரைப் போய்ப் பார்த்துவிடுங்கள், அவர் உங்களைத் தேடி வரும்வரை இருக்காமல்.

கொட்டகலை, மூன்று தையல் இயந்திரம்: இரண்டு பிள்ளைகளைச் சம்பளத்துக்கு வைத்திருக்கிறேன். சட்டம் ஏதும் வாசிக்க வேண்டுமா?

கட்டாயம். ஊழியர் சேமலாப நிதிக்கு அவர்கள் சம்பளத்தில் 8 வீதம், உங்கள் பங்கு 12 வீதம். நம்பிக்கை நிதிக்கு இன்னும் 3 வீதம், அதுவும் உங்களுடையது. தைத்துக் கொடுக்கும் உடுப்பின் விலையில் இந்த 15ஐச் சேர்க்காமல் விட்டால் பிறகு அழ வேண்டி வரும். தொழிற்பெயர்ப் பதிவை உங்கள் பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள்.

லிந்துலை: மகள் ஏ.எல். வர்த்தகப் பிரிவு. ஆங்கிலம் குறைவு.

ஏ.ஏ.ரி. என்ற கணக்கியல் பரீட்சையைத் தமிழிலேயே எழுதலாம். ஆங்கிலத்துக்காகக் காத்திருக்க வேண்டாம், இரண்டையும் ஒன்றாக ஓடவிடுங்கள்.

டிக்கோயா, பத்துப் பேர் கொண்ட பெண்கள் குழு: நாங்கள் பத்துப் பேர் சேர்ந்து என்ன பெரிதாகச் செய்துவிட முடியும்?

இலா பட் எழுதிய 'வீ ஆர் புவர் பட் சோ மெனி' (2006). அகமதாபாத்தில் சும்மாடு வைத்துச் சுமப்பவர்கள், தெருவில் மரக்கறி விற்பவர்கள் எல்லாரையும் சேர்த்து 1972இல் சேவா என்ற சங்கத்தைப் பதியப் போனபோது, முதலாளியே இல்லாதவர்களுக்கு எதற்குத் தொழிற்சங்கம் என்று கேட்டிருக்கிறார்கள். விடவில்லை, பதிந்தார்கள். 1974இல் 4,000 பெண்கள் ஆளுக்குப் பத்து ரூபா போட்டு வங்கியே தொடங்கினார்கள். முதல் காசு யார் கொடுத்தது என்பதற்குப் பக்கம் பக்கமாகப் பதில் சொல்லும் புத்தகம் இது. என் அலுமாரியில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள் என்றால் இதைத்தான் வைப்பேன்.

ஹாலிஎல, ஆசிரியை: எல்லாம் வெளியூர்க் கதை. மலையகப் பெண்ணின் உழைப்பைப் பற்றி ஒன்றும் இல்லையா?

ஆங்கிலத்தில் குமாரி ஜயவர்த்தனவும் ரேச்சல் குரியனும் 2015இல் எழுதிய பெரிய வரலாறு ஒன்று இருக்கிறது, 'கிளாஸ், பேட்ரியார்க்கி அண்ட் எத்னிசிட்டி ஒன் சிறிலங்கன் ப்ளான்டேஷன்ஸ்'. தோட்டத்தில் பெண்ணின் நாட்கூலி ஆணின் கூலிக்குச் சமமானது 1984இல்தான். மலை ஏறிக் கொழுந்து எடுத்தவளுக்கு அதுவரை குறைவு! மைத்ரி ஜெகதீசனின் 'டீ அண்ட் சொலிடாரிட்டி' (2019) யுத்தத்துக்குப் பிந்திய நம் பெண்களின் வேலையைப் பற்றியது.

தமிழில் கோகிலம் சுப்பையாவின் 'தூரத்துப் பச்சை' நாவல். தொழில் புத்தகம் அல்லதான், ஆனாலும் நாம் எந்த இடத்திலிருந்து தொடங்கினோம் என்பது அதில் இருக்கிறது. மீனாட்சி அம்மாள் நடேசய்யரின் பாட்டுகளையும் தேடுங்கள். (ஊறுகாய்க்காரத் தங்கச்சிக்குச் சொன்னது வேறு மீனாட்சி அம்மாள்.) தோட்டக் கூட்டங்களில் தானே பாடி, பாட்டைத் துண்டுப் பிரசுரமாக அச்சடித்துக் கொடுத்தவர்.

ஹட்டன், நிறையப் பேர்: இதையெல்லாம் எங்கே எடுப்பது? இரவல் தருவீர்களா?

ஈழத்து, மலையகத் தமிழ்ப் புத்தகங்களுக்கு 2005இல் தொடங்கிய நூலகம் என்ற இணைய நூலகம் இருக்கிறது. காசில்லாமல் போனிலேயே வாசிக்கலாம். ஆங்கிலப் புத்தகங்களில் சிலது என்னிடம் உண்டு. ஆங்கிலம் வராதவர்கள் ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் வந்தால், உட்கார்ந்து தமிழில் சொல்வேன், தேத்தண்ணி உங்கள் செலவு.

இரவல் இரண்டு வாரம். பெயரும் தோட்டத்தில் எந்த டிவிசன் (பிரிவு) என்பதும் கொப்பியில் எழுத வேண்டும். 'தூரத்துப் பச்சை' என்னிடம் ஒரே பிரதிதான், போய் எட்டு மாதமாகிறது. கொப்பியில் பெயர் எழுதாமல் கொடுத்தது என் பிழை. யாரிடம் இருந்தாலும், நனையாமல் கொண்டுவந்து தாருங்கள்.