மாமா கேட்கும் ட்ரோனும் உங்கள் மேப்பிங் வகுப்பும்

கேள்வி: எனக்கு வயது 26. டர்பன் சாட்ஸ்வொர்த்தில் அம்மாவோடு இருக்கிறேன். கட்டுமானப் பொருள் விற்கும் கடை ஒன்றில் டெலிவரி பிரிவில் வேலை. கைக்கு வருவது 13,800 ராண்ட். லாரிகளுக்கு வழி போட்டுக் கொடுத்துக் கொடுத்து மேப் மீது ஆசை வந்துவிட்டது. சமுதாயக் கல்லூரி ஒன்றில் ஜிஐஎஸ் (கணினியில் வரைபடத் தகவலைக் கையாளும் முறை), மேப்பிங் மாலை வகுப்பில் இடம் கிடைத்திருக்கிறது. இரண்டு வருடப் படிப்பு, வருடத்துக்கு 18,400 ராண்ட். ஏற்கெனவே பர்சனல் லோன் ஓடுகிறது. இப்போது தாய்மாமா, "நீதான் மேப்பிங் படிக்கிறாயே, ஒரு ட்ரோன் வாங்கு, சேர்ந்து தொழில் செய்யலாம்" என்கிறார். அதற்கு 85,000 ராண்ட் வேண்டுமாம். பழைய கடனோடு சேர்த்து ஒரே கடனாகத் தரத் தயார் என்று வங்கியின் ஆப்பிலும் வந்திருக்கிறது. அப்பா போன பிறகு எங்களைப் பார்த்துக்கொண்டவர் மாமாதான். கல்லூரிக் கட்டணத்துக்கு எங்கே கடன் வாங்கலாம், எது மலிவு என்று சொல்லுங்கள்.

பதில்: தம்பி, கல்லூரிக் கட்டணத்துக்கு நீங்கள் கடன் வாங்கவே வேண்டாம். உங்கள் கடிதத்தோடு வந்த கணக்கை இரண்டு முறை கூட்டிப் பார்த்துவிட்டுத்தான் இதைச் சொல்கிறேன். வீட்டுக்கு 5,000, கடன் தவணை 1,555, போக்குவரத்து 1,900, சாப்பாடும் போனும் 1,500, சம்பளத்தன்று மாமாவுக்கு 1,500. மொத்தம் 11,455. மீதி 2,345 ராண்ட். கட்டணத்தை 11 மாதமாகப் பிரித்தால் மாதம் சுமார் 1,670. இழுத்துப் பிடித்தால் சம்பளத்திலேயே அடங்குகிறது.

அடங்காமல் போவது எப்போது என்றால், நீங்கள் இன்னொரு டாப்-அப், அதாவது ஓடுகிற கடன் மேலேயே கூடுதல் கடன், போடும்போது. எனக்குக் கவலை அதில்தான். கடிதத்தில் அதை ஒரு வரியில் தாண்டிப் போய்விட்டீர்கள், நான் கொஞ்சம் நிற்கிறேன்.

இரண்டு வருடத்துக்கு முன் தங்கை கல்யாணத்துக்கு 30,000 ராண்ட் வாங்கினீர்கள். வட்டி ஆண்டுக்கு 24 சதவீதம், 36 மாதம், தவணை ஏறக்குறைய 1,177. ஒரு வருடம் ஒழுங்காகக் கட்டினீர்கள். பாக்கி 22,300க்கு இறங்கிய சமயத்தில் மாமாவின் பக்கி (பிக்-அப்) வண்டிக்கு கியர்பாக்ஸ் போனது, 15,000 டாப்-அப். கடன் 37,300 ஆகி, காலம் மறுபடி 36 மாதத்திலிருந்து தொடங்கியது. தவணை 1,463. இன்னொரு வருடம் கட்டி 27,700க்குக் கொண்டுவந்தீர்கள். போன மாதம் மாமாவின் கடைக்கு அட்வான்ஸ் 20,000. கடன் 47,700, காலம் 48 மாதம்.

இந்த இரண்டு வருடத்தில் நீங்கள் கட்டியது சுமார் 31,700 ராண்ட். கையில் வாங்கியது மொத்தம் 65,000. நியாயமாகப் பார்த்தால் பாக்கி பாதிக்கு வந்திருக்க வேண்டும். ஆனால் அசலில் குறைந்தது 17,300தான், மிச்சம் 14,400 வட்டிக்குப் போய்விட்டது. அதுவும் போக, ஒவ்வொரு டாப்-அப்புக்கும் வங்கி தொடக்கக் கட்டணத்தைப் புதிதாக எடுத்திருக்கும். மாதச் சேவைக் கட்டணமும் காப்பீடும் தனி. நான் அவற்றை இங்கே சேர்க்கவே இல்லை.

ஒரு கடனின் முதல் வருடத்தில்தான் வட்டி அதிகம், பின்பாதியில்தான் அசல் வேகமாகக் கரையும். நீங்கள் அந்தப் பின்பாதியை இதுவரை பார்த்ததே இல்லை. ஒவ்வொரு முறையும் முதல் வருடத்தையே திரும்பக் கட்டிக்கொண்டிருக்கிறீர்கள். வங்கியில் கடன் பிரிவில் இருந்த காலத்தில், பத்து வருடம் ஒரு மாதம்கூடத் தவறாமல் தவணை கட்டியும் கடன் தீராதவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒருத்தரும் சோம்பேறி இல்லை, ஊதாரி இல்லை. டாப்-அப்பைத் தவறு என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

இப்போது ஆப்பில் வந்திருப்பதைப் பாருங்கள். 47,700உம் 85,000உம் சேர்ந்து 132,700 ராண்ட், 72 மாதம். அதே வட்டி என்றால் தவணை கிட்டத்தட்ட 3,490. ஆறு வருடத்தில் கட்டி முடிப்பது 251,000க்கு மேல். மாதக் கணக்கில் மீதி நிற்கும் 2,345, நானூறு ராண்டாகச் சுருங்கிவிடும். அப்புறம் முதலில் நிற்பது எது? வீட்டுச் செலவு நிற்காது, மாமாவுக்குக் கொடுப்பதை நீங்கள் நிறுத்த மாட்டீர்கள். வகுப்புதான் நிற்கும். மேப்பிங் தொழிலுக்கு என்று வாங்கிய கடனால் மேப்பிங் படிப்பு போய்விடும்.

ட்ரோன் விஷயத்திலும் கொஞ்சம் பொறுமை வேண்டும். இப்போது எல்லோரும் அதைப் பற்றித்தான் பேசுகிறார்கள், தெரியும். ஆனால் இந்த நாட்டில் காசு வாங்கிக்கொண்டு ட்ரோன் பறக்கவிட, சிவில் விமானப் போக்குவரத்து ஆணையத்தின் விதிகள் 2015 முதல் இருக்கின்றன. ஓட்டுபவருக்கு பைலட் லைசென்ஸ், தொழில் நடத்துபவருக்கு ஆபரேட்டர் சான்றிதழ், அது போக விமானச் சேவை லைசென்ஸ். இவை எதுவும் 85,000 ராண்டுக்குள் இல்லை, மாமாவின் கணக்கிலும் இல்லை. நிலத்துக்கு எல்லை பிரித்துக் கொடுக்கலாம் என்று அவர் நினைத்திருந்தால் அதற்கும் வழியில்லை. எல்லை அளந்து பதிவது சட்டப்படி பதிவு பெற்ற நில அளவையாளரின் வேலை. ட்ரோனில் எடுத்த படத்தைக் காட்டி எல்லைக்கல்லை நகர்த்த முடியாது.

இரண்டு வருடம் படிக்க உங்களுக்கு ட்ரோன் தேவையும் இல்லை. க்யூஜிஐஎஸ் என்ற மேப்பிங் மென்பொருள் இலவசம், சாதாரண லேப்டாப்பில் ஓடும். கேப்டவுன் மோப்ரேயில் இருக்கும் தேசியப் புவித் தகவல் அலுவலகம் வான்வழிப் படங்களையும் 1:50,000 அளவு நிலப்பட வரைபடங்களையும் கேட்பவருக்குக் கொடுக்கிறது. லேண்ட்சாட் செயற்கைக்கோள் படங்கள் 2008 முதல் இலவசம். சென்டினல்-2 செயற்கைக்கோள் படங்கள் 10 மீட்டர் துல்லியத்தில் கிடைக்கின்றன. 2022 ஏப்ரல் வெள்ளத்தில் நம் மாகாணத்தில் நானூறு பேருக்கு மேல் இறந்தார்கள். உங்கள் பேட்டையில் எந்தச் சரிவு சரிந்தது, எந்த ஓடை வீட்டுக்குள் வந்தது என்று உங்களுக்கு நேரில் தெரியும். அந்த வெள்ளத்துக்கு முன்னும் பின்னும் எடுத்த படங்களை வைத்து ஒரு வரைபடம் செய்து பாருங்கள். வேலைக்குக் கூப்பிடுகிறவர் அதைக் கேட்டுப் பார்ப்பார், ட்ரோன் எத்தனை என்று கேட்கமாட்டார். லாரிக்கு வழி போட்ட அனுபவமும் சும்மா இல்லை. எந்தத் தெரு ஏற்றத்தில் மணல் லாரி திணறும் என்று தெரிந்த ஒருவர் அந்த வகுப்பில் இருப்பது அபூர்வம்.

சேருவதற்கு முன் கல்லூரியில் ஒரு கேள்வி மட்டும் கேளுங்கள்: இந்தச் சான்றிதழை வைத்து தென்னாப்பிரிக்க ஜியோமேட்டிக்ஸ் கவுன்சிலில் ஜிஐஎஸ் டெக்னீஷியனாகப் பதிய முடியுமா? நில அளவை, மேப்பிங் துறையில் வேலை செய்பவர்களைப் பதிவு செய்யும் இந்தக் கவுன்சில் 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வந்தது. டெக்னீஷியன், டெக்னாலஜிஸ்ட் என்று படிப்புக்குத் தகுந்தபடி பதிவு தருகிறது. நேரடியாக முடியாது என்றால், இங்கே எடுத்த பாடங்களை டர்பன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் போன்ற இடத்தில் கணக்கில் எடுப்பார்களா என்று எழுத்தில் வாங்குங்கள். வாய்வார்த்தை போதாது. 36,800 ராண்ட் போகிற இடம். அரசுக் கல்லூரி, அங்கீகாரம் உள்ள படிப்பு என்றால் என்எஸ்ஃபாஸ் என்ற அரசு மாணவர் நிதி உதவிக்கும் விண்ணப்பித்துப் பாருங்கள். குடும்ப ஆண்டு வருமானம் 350,000 ராண்டுக்குள் இருக்க வேண்டும் என்பது அதன் வரம்பு, நீங்கள் அதற்குள்தான் வருவீர்கள்.

சரி, மாமா. "தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு" என்று நம் பெரியவர்கள் சொன்னது கல் மனதால் அல்ல, உறவு கெடக் கூடாது என்றுதான். அவர் உங்கள் குடும்பத்துக்குச் செய்தது பெரிய உதவி. அதற்கு நன்றி காட்டுவது சரி. உங்கள் கையெழுத்தால் காட்டுவதுதான் வேண்டாம். அவரிடம் நேரில் போய், அம்மாவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொல்லுங்கள்: "மாமா, என் பேரில் இனிக் கடன் இல்லை. படிப்பு முடியும் வரை மாதம் 500 ராண்ட் தருகிறேன், அது தவறாது." காரணம் நீட்டிச் சொல்லாதீர்கள். சொன்னால் ஒவ்வொரு காரணத்துக்கும் அவர் ஒரு பதில் வைத்திருப்பார்.

அடுத்து அவர், "சரி, கடனை நான் என் பேரில் வாங்குகிறேன், நீ ஜாமீன் மட்டும் போடு" என்று கேட்கலாம். அதுவும் வேண்டாம். இங்கே வங்கிகள் நீட்டும் ஜாமீன் படிவத்தில், முதலில் கடன் வாங்கியவரிடம் கேட்டு வசூல் செய் என்று சொல்லும் உரிமையை நீங்கள் விட்டுக்கொடுப்பதாக ஒரு வரி பெரும்பாலும் இருக்கும். மாமா ஒரு தவணை தவறினால் வங்கி நேராக உங்கள் வீட்டுக்கு வரலாம். என் தம்பிக்கு நான் ஒருமுறை அப்படிக் கையெழுத்துப் போட்டேன். பணத்தைக் கட்டி முடித்துவிட்டேன். தம்பியோடு பழையபடி பேச ஆறு வருடம் ஆயிற்று.

மாமாவுக்குக் குறைத்த 1,000 ராண்டை அப்படியே கடனுக்குத் திருப்புங்கள். 1,555க்குப் பதில் மாதம் 2,555 கட்டினால் 48 மாதக் கடன் ஏறத்தாழ 24 மாதத்தில் முடிகிறது. மொத்தம் கட்டுவது 74,600லிருந்து 60,300க்கு வரும். மிச்சம் சுமார் 14,300 ராண்ட். படிப்பு முடிகிற மாதத்தில் கடனும் முடியும். இந்த அளவுள்ள பர்சனல் லோனை முன்கூட்டி அடைத்தால் அபராதம் கேட்கத் தேசியக் கடன் சட்டத்தில் இடமில்லை.

வேலையிடத்தில் நண்பர்கள் ஓய்வூதியப் பணத்தின் சேமிப்புப் பகுதியை எடுக்கச் சொல்வதாக எழுதியிருந்தீர்கள். ஓய்வூதியச் சேமிப்பை, இடையில் எடுக்கக்கூடிய பகுதி, ஓய்வு வரை தொட முடியாத பகுதி என்று பிரிக்கும் இந்த இரண்டு பானை முறை 2024 செப்டம்பரில் வந்ததிலிருந்து எனக்கு வரும் கடிதங்களில் பாதி இதைப் பற்றித்தான். உங்கள் 16,000ஐ எடுத்தால் உங்கள் வரம்பில் 18 சதவீத வரி, 2,880 ராண்ட், வரித்துறையான சார்ஸுக்குப் போகும். கட்டணமும் கழிந்து 13,000 அளவில் கைக்கு வரும். 24 சதவீதக் கடனை அடைக்கலாமே என்று தோன்றும், வெறும் கணக்கில் அது தப்பும் இல்லை. ஆனால் கடன் 13,000 குறைந்த மறுநாளே ஆப்பில் புது டாப்-அப் வரும், அந்தக் காலி இடத்தை யாராவது கேட்பார்கள். ஒரு வருடம் டாப்-அப் இல்லாமல் இருந்து காட்டுங்கள். அதன் பிறகு எழுதுங்கள், அப்போது பேசலாம்.

இந்த வாரம் வங்கிக்குப் போய், கடன் சலுகைச் செய்திகள் வேண்டாம் என்று எழுதிக் கொடுங்கள். அதைக் கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. சம்பளத்தன்று மாமாவுக்கு முன்பே அந்த 1,000 ராண்ட் தானாகக் கடன் கணக்குக்குப் போகும்படி ஸ்டாப் ஆர்டர் போடுங்கள். அது அடுத்த மாதத் தவணைக்கு முன்பணமாக நிற்கக் கூடாது, பாக்கியைக் குறைக்க வேண்டும் என்று குறிப்பாகச் சொல்லுங்கள். மூன்று மாதம் கழித்து ஸ்டேட்மென்ட் எடுத்து, பாக்கி 43,000 பக்கம் வந்துவிட்டதா என்று பாருங்கள். வரவில்லை என்றால் அந்தத் தாளை எனக்கு அனுப்புங்கள்.