வாசகர் கேள்வி பதில்: காற்றும் தங்கமும்

கேள்வி: இளம்பிள்ளைவாதம் தாக்கிய வில்மா ருடால்ஃப் ஒலிம்பிக்கில் மூன்று தங்கம் வென்றது உண்மையா? 100 மீட்டரை 11 விநாடியில் கடந்தும் அது ஏன் உலக சாதனையாகவில்லை?
– கல்லூரி மாணவி, பாளையங்கோட்டை

பதில்: உண்மைதான். அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில், தந்தையின் இரு மணங்களிலுமாகப் பிறந்த 22 பிள்ளைகளில் 20-ஆவதாக 1940-இல் பிறந்த வில்மா, இடது கால் வலுவிழந்து, பல ஆண்டுகள் உலோகத் தாங்கி அணிந்தே நடந்தார். வீட்டார் முறைவைத்து அந்தக் காலை நாள்தோறும் பிடித்துவிட்டனர். 1956-இல் மெல்போர்னில் தொடரோட்ட வெண்கலம் பெற்றபோது அவருக்கு வயது 16. 1960-இல் ரோமில் 100, 200 மீட்டர், 4x100 தொடரோட்டம் ஆகிய மூன்றிலும் தங்கம்.

பின்னிருந்து வீசும் காற்று விநாடிக்கு 2 மீட்டருக்கு மேற்பட்டால் பதக்கம் செல்லும், சாதனை செல்லாது. ரோம் இறுதி ஓட்டத்தில் காற்று அந்த அளவைத் தாண்டியிருந்தது. ஆனி, ஆடி மாதங்களில் நம் வ.உ.சி. மைதானத்தில் எடுக்கும் நேரங்களையும் இப்படி நிதானித்தே மதிப்பிட வேண்டும்.

சொந்த ஊரான கிளார்க்ஸ்வில் அளித்த வரவேற்பில் கறுப்பரும் வெள்ளையரும் பிரிவின்றிக் கலந்துகொள்ள வேண்டுமென்று அவர் உறுதியாக நின்று சாதித்ததை, பதக்கங்களினும் பெரிதாகக் கருதுகிறேன். 1962-இல், 22 வயதிலேயே, போட்டிகளிலிருந்து ஓய்வு பெற்றார்.