மாலையில் வீங்கும் கால்: தண்ணீர் மீது பழி போடாதீர்கள்

கேள்வி: எனக்கு 52 வயது. நாள் முழுக்க உட்கார்ந்து பார்க்கும் வேலை. மாலையில் இரண்டு கணுக்கால்களும் வீங்குகின்றன. அழுத்தினால் குழி விழுகிறது. காலையில் வடிந்துவிடுகிறது. தண்ணீர் குடிப்பதைக் குறைக்கட்டுமா?

பதில்: நீங்களாகக் குறைக்க வேண்டாம். பழி பெரும்பாலும் தண்ணீர் மீது விழுகிறது. உப்பை யாரும் சந்தேகிப்பதில்லை.

70 கிலோ எடையுள்ள ஆணின் உடலில் சுமார் 42 லிட்டர் நீர் உண்டு. மூன்றில் இரண்டு பங்கு செல்களுக்குள்ளே இருக்கிறது. வெளியே உள்ள 14 லிட்டரில் பிளாஸ்மாவாக, அதாவது இரத்தத்தின் திரவப் பகுதியாக, ஓடுவது 3 லிட்டர் சொச்சம்தான். மற்றதில் பெரும்பகுதி செல்களின் இடைவெளியில் நிற்கிறது. நுண்ணிய இரத்தக் குழாய்களின் சுவர் வழியே நீர் ஓயாமல் இங்கே கசிகிறது. இரத்தத்தில் உள்ள அல்புமின் புரதம் கசிவை மட்டுப்படுத்துகிறது. கசிந்ததை நிணநீர் நாளங்கள் திரும்ப இரத்தத்தில் சேர்க்கின்றன.

வழக்கமாக இந்த நீர் திசுக்களின் இழைகளுக்குள் கூழ்போலப் பிடிபட்டிருக்கும். அளவு மிஞ்சினால் தளர்ந்து ஓடத் தொடங்கும். உங்கள் விரல் அதை ஒதுக்கித் தள்ளுகிறது. திரும்பி வரச் சில வினாடிகள் ஆவதால் குழி தெரிகிறது.

மணிக்கணக்கில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்தால் காலின் இரத்த நாளங்களில் அழுத்தம் ஏறிக் கசிவு கூடும். கெண்டைக்கால் தசை அசையும்போதுதான் இரத்தம் மேலே தள்ளப்படுகிறது. எனவே அவ்வப்போது எழுந்து நடங்கள். உட்கார்ந்தபடியே குதிகாலை உயர்த்தித் தாழ்த்தினாலும் பலன் உண்டு. இரவில் காலைத் தலையணை மேல் வையுங்கள்.

செல்களுக்கு வெளியே எவ்வளவு நீர் தங்குவது என்பதைப் பெரிதும் தீர்மானிப்பது சோடியம். ஆகவே உப்பை நாளுக்கு 5 கிராமுக்குள் நிறுத்துங்கள். ஊறுகாய், அப்பளம், பாக்கெட் நொறுக்குகளில் இருப்பதும் இந்தக் கணக்கில் சேரும்.

இரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின் சாப்பிடுகிறீர்களா? அதுவே கணுக்காலை வீங்க வைக்கும். நீங்களாக நிறுத்தாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். கடையில் கேட்டு நீர் மாத்திரை வாங்குவதை நான் கண்டிப்பாகத் தடுப்பேன்: அம்லோடிபின் வீக்கத்துக்கு அது அவ்வளவாக உதவாது, பொட்டாசியத்தை வேறு குறைத்துவிடலாம்.

ஒரு கால் மட்டும் வலியோடு வீங்கினால் இரத்தக் கட்டியாக இருக்கலாம். அன்றே மருத்துவரைப் பாருங்கள். மூச்சுத்திணறலும் சேர்ந்தால் நேராக அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள். காலையில் முகம் உப்புவது, சிறுநீர் நுரைப்பது போன்றவை இருந்தாலும், வீக்கம் காலையில் வடியாமல் நின்றுவிட்டாலும், சிறுநீரில் புரதம், இரத்தத்தில் அல்புமின், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் ஆகியவற்றையும் இதயம், கல்லீரல், தைராய்டு ஆகியவற்றையும் பரிசோதிக்க வேண்டியிருக்கும்.