பெற்றோருக்கு வினாக்கொத்துக் கொடுத்துப் பிள்ளையின் சிந்தனையை அறியலாமா?

"யாழ்ப்பாணத்தில் தரம் ஒன்று, இரண்டு பிள்ளைகளின் சிந்தனை வளர்ச்சி பற்றி ஆய்வு செய்யப்போகிறேன். நூறு பெற்றோருக்கு வினாக்கொத்துக் கொடுத்தால் போதுமா, பிள்ளைகளையும் பார்க்க வேண்டுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

போதாது. பிள்ளைகளைத்தான் பார்க்க வேண்டும், பெற்றோரைப் பிறகு பார்க்கலாம்.

நீங்கள் கல்விமாணி இறுதி வருடத்தில் இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். கையில் நாலைந்து மாதம்தான் இருக்கும். வினாக்கொத்து என்றால் ஒரு கிழமையில் கொடுத்து வாங்கி, எண்ணி, அட்டவணை போட்டு, வட்ட வரைபும் கீறி முடித்துவிடலாம் என்று யாராவது சொல்லியிருப்பார்கள். எனக்கும் அப்படித்தான் சொன்னார்கள். 2011இல், ஆரம்பப்பிரிவில் படிப்பித்துக்கொண்டே படித்த காலத்தில், நானும் நூறு வினாக்கொத்தோடுதான் தொடங்கினேன். நான் பேராசிரியை இல்லை, உளவியலில் பட்டமும் எடுக்கவில்லை. இருபது வருடத்துக்கு மேலாகச் சின்னப் பிள்ளைகளோடு இருக்கிற ஒரு ரீச்சர். அந்த அளவில் எடுத்துக்கொள்ளுங்கள்.

என் வினாக்கொத்தில் ஒரு கேள்வி: "உங்கள் பிள்ளை பொருட்களின் எண்ணிக்கையை விளங்கிக்கொள்கிறதா?" எதிரே மூன்று பெட்டி. எப்போதும், சில வேளைகளில், ஒருபோதும் இல்லை. ஒரு அம்மா பேனையைத் திறந்து கையில் வைத்துக்கொண்டு வகுப்பு வாசல் தூணோடு நின்று கேட்டார்: "ரீச்சர், எதுக்குப் புள்ளடி போட்டால் பிள்ளைக்கு நல்லது?"

அவர் என்னை ஏய்க்கக் கேட்கவில்லை. பாடசாலையிலிருந்து வருகிற எந்தக் கடதாசியும் பிள்ளையின் பெயரோடு எங்கோ ஒரு கோப்பில் கிடக்கும், நாளைக்கு யாராவது எடுத்துப் பார்ப்பார்கள் என்று நினைக்கிற தாய். அப்படி நினைக்க அவருக்குக் காரணமும் இருந்தது. திரும்பி வந்த தாள்களில் ஏறக்குறைய எல்லாவற்றிலும் "எப்போதும்" என்ற பெட்டியில்தான் புள்ளடி. சிலதைத் தகப்பன்மார் நிரப்பியிருந்தார்கள், விடிய வேலைக்குப் போய்ப் பிள்ளை படுத்த பிறகு வீடு வருகிறவர்கள். பகல் முழுக்கப் பிள்ளையோடு இருக்கிற அம்மம்மாவிடம் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை, நான் உட்பட.

வினாக்கொத்தே கூடாது என்று நான் சொல்லவில்லை. வீட்டில் எத்தனை பேர், பிள்ளை எத்தனை மணிக்குப் படுக்கிறது, எந்த முன்பள்ளிக்குப் போனது, இதையெல்லாம் பெற்றோரிடம்தான் கேட்க வேண்டும். அதிலும் பிறப்பு நிறை போன்றவற்றை நினைவில் இருந்து கேட்காமல், கிளினிக்கில் கொடுத்த பிள்ளையின் சுகாதார அபிவிருத்திப் பதிவேட்டை வாங்கிப் பாருங்கள். ஆனால் பிள்ளை எப்படி யோசிக்கிறது என்பதைத் தாயின் புள்ளடி சொல்லாது.

சரி, பிள்ளையிடம் போனால் மட்டும் எல்லாம் தெரிந்துவிடுமா என்றால், அதுவும் இல்லை. அதைத்தான் விரிவாகச் சொல்ல வந்தேன்.

வினாக்கொத்து கைவிட்ட பிறகு சுவிஸ் உளவியலாளர் பியாஜேயின் எண் சோதனையைச் செய்து பார்ப்போம் என்று முடிவெடுத்தேன். உங்களுக்குத் தெரிந்ததுதான். இரண்டு வரிசையில் சம எண்ணிக்கையில் பொருட்களை நேருக்கு நேர் வைப்பது, "சமனா?" என்று கேட்பது. பிள்ளை ஓம் என்றதும் ஒரு வரிசையை மட்டும் நீளமாகப் பரப்பிவிட்டு அதே கேள்வியைத் திரும்பக் கேட்பது. ஆறு, ஏழு வயதுக்கு முன் பெரும்பாலான பிள்ளைகள் நீண்ட வரிசையில்தான் கூட இருக்கிறது என்பார்கள், எண்ணிக்கை மாறாது என்ற விளக்கம் அந்த வயதில் இன்னும் வரவில்லை என்பது பியாஜேயின் முடிவு.

நான் வரிசைக்கு ஆறு புளியங்கொட்டை எடுத்துக்கொண்டேன். வேப்பமரத்துக்குக் கீழே வாங்கு போட்டு, பிள்ளைகளை ஒவ்வொருவராகக் கூப்பிட்டேன். முதல் நாளே ஒரு பிழை பிடிபட்டது. புத்தகத்தில் இருந்தபடி "எந்த வரிசையில் அதிகமான விதைகள் உள்ளன?" என்று கேட்டேன். பிள்ளைகள் பேசாமல் இருந்தார்கள். "எதில கூட?" என்று கேட்ட பிறகுதான் வாய் திறந்தது. எங்கள் பிள்ளைகளுக்குக் கூட, குறைய, சமன் இவைதான் சொற்கள். அச்சில் வந்த தமிழில் கேட்டால் கணக்கு விளக்கத்தை அளக்கமாட்டீர்கள், பாடப்புத்தகத் தமிழைத்தான் அளப்பீர்கள். உங்கள் கருவியை மொழிபெயர்த்தவர் யாராக இருந்தாலும், முதலில் மூன்று நான்கு பிள்ளைகளிடம் வாயால் கேட்டுப் பாருங்கள்.

இரண்டாம் நாள் ஒரு பெடியன் வந்தான். ஆறு வயது, முன்பல் இரண்டும் விழுந்திருந்தது. விரலால் ஒவ்வொரு கொட்டையாகத் தொட்டு எண்ணினான். "ரெண்டும் சமனா?" "ஓம் ரீச்சர்." நான் என் பக்க வரிசையைப் பரப்பினேன். திரும்பக் கேட்டேன். அவன் கொட்டையைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்தான். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இதில கூட" என்று நீண்ட வரிசையைக் காட்டினான். நான் தாளில் பிழை என்று குறித்தேன்.

கொட்டைகளைப் பேணிக்குள் அள்ளிப் போடும்போது, திட்டத்தில் இல்லாத ஒரு கேள்வியைச் சும்மா கேட்டேன். "ஏன் ராசா இதில கூட எண்டு சொன்னனீங்கள்?"

"நீங்கள் திருப்பிக் கேட்டனீங்கள் தானே. அப்ப முதல் சொன்னது பிழை."

அன்று மிச்சப் பிள்ளைகளைக் கூப்பிடவில்லை. வகுப்பில் நான் "ஐந்தும் மூன்றும் எத்தனை?" என்று கேட்பேன். பிள்ளை "ஏழு" என்னும். நான் பிழை என்று சொல்லமாட்டேன், "எத்தனை?" என்று இன்னொரு தரம் கேட்பேன். பிள்ளை உடனே "எட்டு" என்னும். ரீச்சர் இரண்டாம் தரம் கேட்டால் விடையை மாற்ற வேண்டும் என்று அந்தப் பிள்ளைக்குப் படிப்பித்ததே நான்தான். அவன் எண்ணிக்கையில் பிழைவிடவில்லை. என்னைச் சரியாக விளங்கிக்கொண்டிருந்தான்.

பிறகு தேடிப் படித்தபோது, 1974இலேயே ரோஸ், பிளாங்க் என்ற இருவர் இதைச் சோதித்திருக்கிறார்கள் என்று கண்டேன். பரப்பிய பிறகு ஒரே ஒரு தரம் மட்டும் கேட்டபோது ஆறு வயதுப் பிள்ளைகள் விட்ட பிழை குறைந்திருக்கிறது. ஏறக்குறைய அதே காலத்தில் மக்காரிகிள், டொனால்ட்சன் என்ற இருவர் இன்னொரு வழி செய்தார்கள். வரிசையைப் பெரியவர் கையால் குலைக்காமல், ஒரு பொம்மைக் கரடி வந்து குழப்படி செய்து குலைப்பது போல நடத்தினார்கள். சமன் என்று சரியாகச் சொன்ன பிள்ளைகளின் தொகை நன்றாகக் கூடியது. பெரியவர் வேண்டுமென்று ஒன்றை மாற்றினால் அதில் ஏதோ காரியம் இருக்க வேண்டும் என்று பிள்ளை எண்ணும், கரடி குலைத்தால் அப்படி எண்ணத் தேவையில்லை.

நானும் ஒரு கரடி தைத்தேன். பழைய துவாயில், பொத்தான் கண் வைத்து. குழப்படிக் கரடி என்று பெயர் வைத்ததும் பிள்ளைகளுக்கு விளங்கிவிட்டது. கரடி மேசைக்குக் கீழிருந்து வந்து வரிசையைக் கலைக்கும், நான் கரடியை ஏசி உள்ளே வைத்துவிட்டு, "இப்ப?" என்று கேட்பேன். கையால் பரப்பியபோது பிழைவிட்ட பிள்ளைகளில் பலர் "சமன்தானே ரீச்சர்" என்றார்கள். அந்தப் பெடியனும் சொன்னான். இந்தத் தரம் அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை.

இதைப் படித்துவிட்டு, அதே பிள்ளைகளை இரண்டாம் தரம் சோதித்தால் பழகிய பழக்கத்தில் சரியாகச் சொல்லமாட்டார்களா என்று கேட்கப்போகிறவர்கள் இருக்கிறீர்கள். நியாயமான கேள்வி. அது என் ஆய்வின் குறைதான், ஆய்வேட்டில் அப்படியே எழுதியும் இருக்கிறேன். பாதிப் பேருக்குக் கரடி முதலும் மீதிப் பேருக்குக் கை முதலும் என்று மாற்றி வைத்திருக்க வேண்டும். நீங்கள் அப்படிச் செய்யுங்கள். இன்னொரு மறுப்பும் உண்டு. 1986இல் மூர், ஃப்ரை இருவரும், கரடியின் குழப்படியில் பிள்ளையின் கவனம் போய்விடுகிறது, உண்மையிலேயே எண்ணிக்கை மாறினாலும் பிள்ளை சமன் என்றுதான் சொல்கிறது என்று காட்டினார்கள். அதற்காகச் சில பிள்ளைகளோடு கரடியைக் கொண்டு ஒரு கொட்டையை எடுக்கவைத்துப் பார்த்தேன். "ஒண்டைக் களவெடுத்திட்டுது!" என்று ஒரு பிள்ளை வாங்கில் ஏறி நின்று கத்தியது. எல்லோரும் கத்தவில்லை, சிலர் சமன் என்றே சொன்னார்கள். ஆகவே அந்த மறுப்பையும் தள்ள முடியாது. கரடி வைத்தால் களவும் வைத்துப் பாருங்கள்.

வயதை ஒப்பிடும் எண்ணம் இருந்தால் ஒன்று கவனியுங்கள். ஐந்து வயது, ஒன்பது வயதுப் பிள்ளைகளை ஒரே நாளில் சோதித்து, வித்தியாசம் வயதால் வந்தது என்று எழுதுவது குறுக்குவெட்டு ஆய்வு. விரைவாக முடியும். 2011இல் யாழ்ப்பாணத்தில் ஒன்பது வயதுப் பிள்ளை என்றால் 2002இல், சமாதான காலத்தில் பிறந்தது. ஐந்து வயதுப் பிள்ளை 2006இல், யாழ்ப்பாணத்துக்கு வரும் ஏ-9 பாதை பூட்டி, பால்மாவுக்கு வரிசையில் நின்ற காலத்தில் பிறந்தது. இரண்டுக்கும் இடையில் நான்கு வயது மட்டுமா வித்தியாசம்? ஒரே பிள்ளைகளை ஆண்டுக்கணக்காகத் தொடர்வதுதான் இதற்கு வழி. நியூசிலாந்தின் டனீடின் நகரில் 1972, 73இல் பிறந்த 1,037 பேரை இன்றுவரை தொடர்கிறார்கள். நானும் என் வகுப்பில் 14 பேரைத் தொடரத் தொடங்கினேன், இரண்டு வருடத்தில் எட்டுப் பேர்தான் மிஞ்சினார்கள். சிலர் வன்னிக்குத் திரும்பிப் போனார்கள், சிலர் கொழும்பு, ஒரு பிள்ளை கனடா. போனவர்கள் யார், இருந்தவர்கள் யார் என்பதையும் எழுதிவையுங்கள், ஏனென்றால் மிஞ்சியவர்கள் ஒரு மாதிரியான குடும்பங்களாகவே இருப்பார்கள்.

அவதானிப்பு பற்றியும் ஒரு வார்த்தை. டார்வின் 1839இல் பிறந்த தன் மூத்த மகனைப் பார்த்து எழுதிய குறிப்புகளை 1877இல்தான் வெளியிட்டார். நாள், என்ன நடந்தது, எத்தனையாம் நாள் என்று எழுதியிருந்ததால் அத்தனை வருடத்துக்குப் பிறகும் அவை பயன்பட்டன. நீங்களும் ஒரு சீ.ஆர். கொப்பி எடுத்து, பிள்ளைக்கு ஐந்து நிமிடம் என்று முறை போட்டு, கண்டதை மட்டும் எழுதுங்கள். "கோபப்பட்டான்" என்று எழுதாதீர்கள், "பென்சிலை மேசையில் மூன்று தரம் குத்தினான்" என்று எழுதுங்கள். முதல் ஒரு கிழமை எழுதியதை ஆய்வுக்கு எடுக்க வேண்டாம். புது மிஸ் பின்னால் இருக்கிறார் என்று எல்லாப் பிள்ளைகளும் நேராக இருப்பார்கள்.

இனிச் சொல்லப்போவது நீங்கள் கேட்காதது. ஆனாலும் சொல்ல வேண்டும். போர் முடிந்த பிறகு வந்த அந்த ஒன்றிரண்டு வருடத்தில் எங்கள் பாடசாலைக்கு எத்தனை பேர் படிவத்தோடு வந்தார்கள் என்று எனக்குக் கணக்கில்லை. வெளிநாட்டவர்கள், கொழும்பிலிருந்து வந்தவர்கள், எங்கள் ஊரவர்களும்தான். இரவில் கெட்ட கனவு வருகிறதா, யாரைப் பறிகொடுத்தாய், ஒரு படம் கீறு. ஒரு சின்னப் பிள்ளை, அப்பா இல்லாத பிள்ளை, மூன்றாம் தரமாகத் தாளைக் கொடுத்தபோது என்னிடம் வந்து, "அதே படமோ ரீச்சர், வேற படமோ?" என்று கேட்டது. அந்தப் படங்கள் எங்கே போயின? ஒருவராவது திரும்பி வந்து, இந்தப் பிள்ளைகளைப் பற்றி இதைக் கண்டோம், இந்தப் பிள்ளைக்கு உதவி தேவை என்று சொல்லவில்லை. நல்ல ஆய்வும் நடந்திருக்கும், நான் மறுக்கவில்லை. எங்கள் பாடசாலை வாசலுக்கு ஒன்றும் திரும்பி வரவில்லை, அவ்வளவுதான். அதை நினைத்தால் இன்றைக்கும் நெஞ்சு எரிகிறது.

அதனால் பெற்றோரின் கையொப்பத்தோடு நின்றுவிடாதீர்கள். பிள்ளையிடமும் கேளுங்கள். எங்கள் பிள்ளைகள் ரீச்சருக்கு "வேண்டாம்" என்று வாயால் சொல்லமாட்டார்கள். கதவைப் பார்த்துக்கொண்டிருந்தால், சட்டை நுனியைத் திருகினால், ஒண்டுக்கு வருகிறது என்று இரண்டாம் தரம் கேட்டால், அதுதான் வேண்டாம். விட்டுவிடுங்கள். முடிந்ததும் அந்த வகுப்பு ரீச்சருக்கு ஒரு பக்கத்திலாவது கண்டதை எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள்.

மேற்பார்வையாளர் நூறு பேர் இல்லாமல் ஏற்கமாட்டேன் என்றால், வினாக்கொத்தைச் சின்னதாக்கி நூறு பேருக்கும், கரடியை இருபது பிள்ளைகளுக்கும் என்று கேட்டுப் பாருங்கள். என்னுடையவர் முதலில் கோபித்தார், பெடியன் சொன்னதை எழுதிக் காட்டிய பிறகு விட்டார்.

கரடி இன்னும் என் அலுமாரியில்தான் இருக்கிறது. தேவையென்றால் தனியாக ஒரு செய்தி போடுங்கள். ஒரு கண் பொத்தான் கழன்றுவிட்டது, தைத்துத் தருகிறேன்.