1054 ஜூலை – கடிதம்

அன்புள்ள ஐயா,

எங்கள் பள்ளிப் பலகையில் ‘வரலாற்றில் இம்மாதம்’ என்று மாதாமாதம் எழுதிப் போடுவது என் பொறுப்பு. இந்த ஜூலைக்கு இரண்டு செய்திகள் எழுதினேன். 1054 ஜூலை 4: பகலிலும் தெரிந்த ஒரு புது நட்சத்திரத்தைச் சீனர்கள் பதிவுசெய்தார்கள். 1054 ஜூலை 16: ரோமத் திருச்சபையும் கான்ஸ்டான்டிநோபிள் திருச்சபையும் பிரிந்தன. ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி படித்துவிட்டு, “டீச்சர், சர்ச்சுல சண்டை போட்டவங்க அந்த நட்சத்திரத்தைப் பாத்தாங்களா?” என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. திருச்சபை அந்தப் பதிவுகளையெல்லாம் அழித்துவிட்டது என்று ஒரு காணொளியில் சொன்னார்கள். உண்மையா? நிகழ்ச்சிகளை இப்படி ஒரு மாதத்துக்குள் அடுக்குவதில் பொருள் ஏதும் உண்டா?

ஒரு வரலாற்று ஆசிரியை, காரைக்குடி

*

அன்புள்ள ஆசிரியைக்கு,

அந்தப் பெண் கேட்டது மிக நல்ல கேள்வி. சண்டைக்குப் பக்கத்திலேயே இருந்து, நட்சத்திரத்தைப் பற்றியும் எழுதிய ஒருவர் இருக்கிறார் என்று அவளிடம் சொல்லுங்கள். பெயர் இப்னு புத்லான். பாக்தாத்தைச் சேர்ந்த கிறிஸ்தவ மருத்துவர். ஊர் ஊராகச் சுற்றி, கெய்ரோவில் இன்னொரு மருத்துவரோடு பெரிய வாதம் நடத்திவிட்டு, 1054 கோடையில் கான்ஸ்டான்டிநோபிளில், அதாவது இன்றைய இஸ்தான்புல்லில், இருந்தார். அங்கே திருச்சபைத் தலைவரான முதுபெரும் தந்தை மிக்கேல் கெருலாரியோஸ் அவரிடம் ஒரு நூல் எழுதித் தரக் கேட்டார். நற்கருணைக்கு, அதாவது வழிபாட்டில் அப்பத்தைப் பகிர்ந்து உண்ணும் சடங்குக்கு, எந்த அப்பம் என்பது பற்றிய நூல்.

அந்த அப்பம்தான் அன்றைய சண்டையின் நடுப்பொருள். கிழக்கே புளித்த அப்பம், மேற்கே புளிப்பில்லா அப்பம். இதைச் சின்ன விஷயம் என்று மாணவர்களிடம் சொல்லிவிடாதீர்கள். வழிபாட்டில் உண்பது கடவுளின் உடல் என்று நம்பியவர்களுக்கு அதன் மாவு எப்படிப் பிசையப்பட்டது என்பது உயிர்போகும் கேள்வி. நம்பிக்கையை அறிக்கையிடும் விசுவாசப் பிரமாணத்தில் தூய ஆவி ‘தந்தையிடமிருந்தும் மகனிடமிருந்தும்’ வருகிறார் என்று மேற்கே சேர்த்துக்கொண்ட சொல்லும் இருந்தது. பின்னணியில் அரசியலும் உண்டு. 1053 ஜூனில் சிவிதாத்தே போரில் நார்மன்களிடம் தோற்றுப் பிடிபட்ட போப் ஒன்பதாம் லியோவுக்கு கான்ஸ்டான்டிநோபிளிலிருந்து ஆண்ட பைசாந்தியப் பேரரசரின் துணை வேண்டியிருந்தது. அதற்காகவும்தான் கர்தினால் ஹம்பர்ட் தலைமையில் தூதர்கள் போனார்கள். போன இடத்தில் உறவு முறிந்தது.

ஜூலை 16, சனிக்கிழமை. நகரின் பேராலயமான ஹகியா சோஃபியாவில் வழிபாடு தொடங்கும் நேரத்தில் ஹம்பர்ட் உள்ளே நுழைந்து, கெருலாரியோஸைச் சபையிலிருந்து விலக்கும் ஆணையைப் பீடத்தின்மேல் வைத்துவிட்டு, காலில் ஒட்டிய தூசியை உதறி வெளியேறினார். போப் லியோவோ ஏப்ரல் 19 அன்றே இறந்துபோயிருந்தார். இறந்தவரின் தூதருக்கு அந்த அதிகாரம் இருந்ததா என்று இன்றும் கேட்கிறார்கள். பத்து நாளுக்குள் கெருலாரியோஸ் தரப்பும் ஆணையை எழுதியவர்களைச் சபித்தது. கவனியுங்கள், ஹம்பர்ட் விலக்கியது கெருலாரியோஸையும் அவரைச் சேர்ந்தவர்களையும் மட்டும்தான். பேரரசரையும் நகர மக்களையும் அந்த ஆணை புகழ்கிறது. அதனால் உங்கள் பலகையில் ‘பிரிந்தன’ என்பதை மட்டும் மாற்றிவிடுங்கள். அன்று இரண்டு திருச்சபைகள் பிரிந்ததாக அங்கிருந்தவர்கள் நினைக்கவில்லை. பிளவு அதற்கு முன்பே ஊறிக்கொண்டிருந்தது, பிறகு மெல்ல மெல்ல ஆழமானது. அந்தச் சாபங்களை இரு தரப்பும் விலக்கிக்கொண்டது 1965 டிசம்பர் 7 அன்று.

இனி நட்சத்திரம். ‘மிதுனத்தில் தோன்றிய அந்த நட்சத்திரம்’ என்று இப்னு புத்லான் எழுதுகிறார், இஸ்லாமிய நாட்காட்டியின் ஹிஜ்ரி 446ஆம் ஆண்டு. அது உண்மையில் ஒரு நட்சத்திர வெடிப்பு. அதன் மிச்சமான நண்டு நெபுலா என்ற வாயுத் திரள் ரிஷபத்தில் அல்லவா இருக்கிறது என்று யாராவது கேட்டால், வசந்த சமநாள் புள்ளியிலிருந்து ராசிகளை எண்ணும் சாயனக் கணக்கில் அந்த இடம் அன்று மிதுன ராசிக்குள் விழும் என்று சொல்லுங்கள். அவருக்கு அது வானியல் செய்தி அல்ல, கொள்ளைநோயின் அறிகுறி. அந்த இலையுதிர் காலத்தில், நகரத்தின் மற்ற இடுகாடுகள் நிரம்பிய பிறகு, லூக்கா ஆலயத்தில் மட்டும் 14,000 பேர் புதைக்கப்பட்டார்கள் என்கிறார். வானத்தையும் பிணங்களையும் ஒரே வரியில் எழுதியவர் அப்பச் சண்டையை அதில் சேர்க்கவில்லை. எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது. பலகையில் நாம் அடுக்கும் இரண்டையும் அருகிலிருந்து அறிந்தவர், நட்சத்திரத்தை வேறொன்றோடு சேர்த்துப் பார்த்திருக்கிறார்.

காணொளி சொன்னதை நம்பாதீர்கள். 1006இல் தோன்றிய புது நட்சத்திரத்தைச் சுவிட்சர்லாந்தின் செயின்ட் காலன் மடத்துத் துறவிகள்தான் எழுதிவைத்தார்கள். 1054 பற்றி ஐரோப்பாவில் ஐயமற நிலைபெற்ற குறிப்பு ஒன்றும் இல்லை, ஆனால் அழித்ததற்குச் சான்றும் இல்லை. சீனாவின் சோங் அரசவையில் வானத்தைப் பார்த்துப் பேரரசருக்குச் சொல்வதற்கென்றே ஒரு துறை இருந்தது. அதனால்தான் 23 நாள் பகலில் தெரிந்தது, வெள்ளியைப் போல் ஒளிர்ந்தது, 1056 ஏப்ரலில் மறைந்தது என்பது வரை நமக்குக் கிடைக்கிறது. அவர்கள் அதை ‘விருந்தாளி விண்மீன்’ என்றார்கள்.

மாதத்துக்குள் அடுக்கலாமா என்றால், அடுக்கலாம், ஆனால் அது நம் பெட்டி. நட்சத்திரம் தோன்றிய நாள் சீனருக்கு ஐந்தாம் மாதத்தில் வந்தது. பைசாந்தியருக்கு உலகம் படைக்கப்பட்ட 6562ஆம் ஆண்டு. கொப்பம் போரில் ராஜாதிராஜ சோழன் யானைமேல் இறந்ததும் ஏறக்குறைய இதே காலம்தான். எழுத ஆசையாக இருக்கும். மெய்க்கீர்த்தி அதற்கு ஜூலை என்று சொல்லவில்லை, அதனால் பலகையில் ஏற்றாதீர்கள்.

அந்தப் பெண்ணுக்கு இன்னொன்று. மார்கழி இரவில் ரோகிணியைக் கண்டுபிடித்து, அங்கிருந்து காளையின் கொம்பு நுனிகளுக்குப் போங்கள். இரண்டில் தெற்கே இருக்கும் நுனிக்குப் பக்கத்தில், சிறிய தொலைநோக்கியில், மங்கிய புகைத் திட்டு ஒன்று தெரியும். இப்னு புத்லான் எழுதிய நட்சத்திரம் அதுதான்.

அன்புடன்.