படத்தைக் காட்டினால் கட்டுரை வந்துவிடுமா?

கேள்வி: பாலக்கோடு பக்கம் ஒரு கல்லூரியில் ஆங்கிலம் எடுக்கிறேன். முதலாமாண்டுப் பிள்ளைகள் பெரும்பாலும் தமிழ்வழியில் படித்து வந்தவர்கள். ஒரு பத்தி எழுதச் சொன்னால் பேனாவைப் பிடித்தபடி உட்கார்ந்திருக்கிறார்கள், இல்லையென்றால் கைடில் உள்ளதை மனப்பாடமாக எழுதித் தருகிறார்கள். படம், ஒலி, வீடியோ வைத்து எழுத்துப் பயிற்சி தரலாம் என்கிறார்கள். ப்ரொஜெக்டர்கூட ஒழுங்காக ஓடாத வகுப்பில் இது ஆகிற காரியமா?

பதில்: ஆகும் மேடம். பிள்ளைகள் கையில் இருக்கிற போனே போதும். ஆனால் வீடியோவைப் போட்டுக் காட்டிவிட்டு 'இப்போது எழுதுங்கள்' என்றால் ஒன்றும் நடக்காது. 1996-இல் நியூ லண்டன் குழு என்ற பெயரில் பத்துக் கல்வியாளர்கள் எழுதிய கட்டுரைதான் இந்தப் பேச்சுக்குப் பெரிய தொடக்கம். சொல், படம், ஒலி, உடலசைவு, இட அமைப்பு என எல்லாவற்றாலும் நாம் பொருள் சொல்கிறோம், அதையெல்லாம் வைத்து மாணவர் தானே ஒன்றை உருவாக்க வேண்டும் என்பது அதன் சாரம்.

என் வகுப்பில் நடந்ததைச் சொல்கிறேன். அப்பாவோடு தக்காளி மண்டிக்குப் போகிற பையன் ஒருவன், 'மை வில்லேஜ்' என்று தலைப்புக் கொடுத்தபோது இரண்டு வரியைத் தாண்டவில்லை. மண்டியில் நான்கு போட்டோ எடுத்து வா என்றேன். வண்டியிலிருந்து பெட்டி இறக்குவது, ஏலம், தரையில் கொட்டிக் கிடக்கும் பழம், அப்பா பணம் எண்ணுவது. எதை முதலில் வைப்பது என்று பக்கத்துப் பையனோடு சண்டையே போட்டான். அந்த வரிசைதான் அவன் கட்டுரையின் பத்தி வரிசை ஆனது. அப்புறம் ஒவ்வொரு படத்துக்கும் போனில் பேசிப் பதிவு செய்யச் சொன்னேன், முதலில் வீட்டில் பேசுகிற தெலுங்கும் தமிழும் கலந்து, பிறகு முடிந்தவரை ஆங்கிலத்தில். அதைத் திரும்பத் திரும்பக் கேட்டு எழுதினான். முதல் வரைவில் 'ரேட் லோ, ஃபாதர் சைலன்ட்' என்றிருந்தது, மூன்றாவதில் 'தி ப்ரைஸ் வாஸ் லோ, ஸோ மை ஃபாதர் டிட் நாட் ஸ்பீக் ஆன் தி வே ஹோம்' என்று வந்து நின்றது. அந்த 'ஸோ' ஒன்றைப் பார்த்ததும் எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

சரி, இலக்கணப் பிழை? முதல் வரைவில் தொடாதீர்கள். இரண்டாவதில் சிவப்பு மைக்குப் பதிலாக வாட்ஸ்அப்பில் ஒரு நிமிட வாய்ஸ் நோட் அனுப்புங்கள், இந்த இடம் நன்றாக இருக்கிறது, இங்கே இறந்தகாலம் வர வேண்டும் என்று இரண்டே விஷயம். அறுபது பேருக்கும் ஒரே வாரத்தில் முடியாது, பதினைந்து பதினைந்து பேராகப் பிரித்துக்கொள்ளுங்கள். போன் இல்லாத பிள்ளையை இருவரோடு சேர்த்துவிடுங்கள்.

பரீட்சை ஹாலில் போட்டோ இருக்காது என்பதையும் யோசிக்க வேண்டும். ஒரு மாதம் முன்பிருந்தே படம் வைத்து எழுதுவதை நிறுத்திவிட்டு, தாளின் ஓரத்தில் நான்கு கட்டம் போடச் சொல்லுங்கள், கட்டத்துக்கு ஒரு சொல், அதிலிருந்து பத்தி. ஒகேனக்கல் பரிசல்துறையோ கிருஷ்ணகிரி மாங்காய் மண்டியோ, அவரவர் கண்ணால் பார்த்த இடமாக மட்டும் இருக்கட்டும்.